முள் சாயும் பெட்டி

மாகிரட் கிணற்றடிக்கு முகம் கழுவப் போய்ப் பத்து நிமிடமாகியிருந்தது. அலுமாரிக்குள் யாருமில்லை. ஒரு மைக், ஒரு முக்காலி, சுற்றிவர நிறுத்தி வைத்த தும்பு மெத்தைகள், அவற்றின் மேல் தொங்கவிட்ட பழைய கம்பளிகள், அவ்வளவுதான். அதன் கதவும் வெளியே கொழுக்கி போட்டபடி கிடந்தது. அப்படியிருந்தும் மேசைமேல் இருந்த சாம்பல் நிறப் பெட்டியின் முள் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் ஓய்ந்துவிட்டன. உட்துறைமுக வீதியில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. பக்கத்து வளவில் காயப்போட்ட கருவாட்டின் வாடையும், அலுமாரியிலிருந்து வந்த பூச்சி உருண்டை வாசமும், பெட்டிக்குள் சூடேறிய வால்வுகளின் மேல் தூசி கருகுகிற மணமும் ஒன்றாகச் சேர்ந்து அந்தச் சின்ன அறையைவிட்டுப் போகமாட்டேன் என்று நின்றன. தகரக் கூரை வெயிலில் விரிந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கிக்கொண்டிருந்தது. இக்னேசியஸ் ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். மைக்கிலிருந்து மெல்லிய இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

பெட்டி ஏதாவது சத்தத்தை அமுக்கும்போதுதான் முள் சாயும். உரத்த சத்தம் என்றால் நிறையச் சாயும், மெல்லிய சத்தத்துக்கு அசையாது. காதில் எதுவும் கேட்கவில்லை. முள்ளோ பாதிக்கு மேல் சாய்ந்து நின்றது. பிறகு எழும்பியது. பிறகு மறுபடி சாய்ந்தது.

"இதென்ன கோதாரி" என்று சொல்லிக்கொண்டு கண்ணாடியில் விரலால் தட்டினார். முள் அதை மதிக்கவில்லை. வாசலில் மனைவி மாகிரட்டின் செருப்புச் சத்தம் கேட்டதும் நேராக எழும்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

அவருக்கு அதை ஆராய உடம்பில் தெம்பு இல்லை. கிழமையில் ஆறு நாள் துறைமுகத்தில் மின்சார வேலை, வந்து தேத்தண்ணீர் குடித்த கையோடு ஊராரின் றேடியோக்களைத் திறந்து மூடுகிற வேலை, விடியப்புறம் பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நிற்கிற வேலை. எழுபத்து நாலாம் ஆண்டு அப்படித்தான் போனது. நாற்பத்தாறு வயதிலேயே மனுசனுக்கு உட்கார்ந்தால் எழும்ப மனமில்லாத அலுப்பு. அதற்கு மேல் இந்தப் பாட்டு.

பாட்டைத் தள்ளிப்போட வழியில்லை. மாகிரட்டின் தொண்டையில் ஒரு கட்டி. கொழும்பில் வெட்டி எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. "உயிருக்குப் பயமில்லை. குரல் மிஞ்சுமோ எண்டு மட்டும் என்னாலை சொல்ல ஏலாது" என்று டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். கோயில் பாட்டுக்குழுவில் முதல் குரல் அவளுடையது. கலியாணத்துக்கு முந்திய காலத்தில் இக்னேசியஸ் பேஸ் கிற்றார் வாசிக்க, அவள் பாட, திருகோணமலையில் அவர்கள் ஏறாத மேடை இல்லை. பிள்ளைகள் பிறக்கவில்லை. அவளிடமிருந்து ஒன்று மிஞ்சுவதென்றால் அந்தக் குரல்தான் என்று அவர் நினைத்தார். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னர் அவளுக்காகவே எழுதிய பாட்டு ஒன்றிருந்தது: 'வள்ளம் கரைசேரும் நேரம், வாசல் விளக்கே அணையாதே' என்று தொடங்கும். அதையாவது ரேப் நாடாவில் ஏற்றிவிட வேண்டும்.

ஏற்றுவது லேசான காரியமில்லை. கட்டி வந்த பிறகு அவளுடைய குரல் ஒரு நிதானத்தில் நிற்கவில்லை. ஒரு சொல் மைக்கைக் குத்தும். அடுத்த சொல் காற்றாய்ப் போகும். உரத்த சொல்லுக்கு அளவு வைத்தால் மெல்லிய சொற்கள் ரேப் இரைச்சலில் மூழ்கின, மெல்லியதற்கு வைத்தால் உரத்தது வெடித்தது. அவருடைய பேஸ் கிற்றாருக்கும் அதே வியாதி. ஒரு நரம்பில் ஓர் இடத்தைத் தொட்டால் யன்னல் அதிரும், மற்ற இடமெல்லாம் செத்துக் கிடக்கும். இதற்கு மருந்து கொம்பிரசர் என்ற சாமான். உரத்துக் கத்துகிறவனின் தோளை அமுக்கி, மெல்லப் பேசுகிறவனை முன்னுக்குத் தள்ளிவிடுகிற ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலே ஒரு கடையில் புதியது ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு விலை விசாரித்தார். எட்டு மாதச் சம்பளம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலத்தில் கடைக்காரன் சொன்னதுதான் விலை. தபால் கந்தோரில் வேலை செய்த சோமசேகரம் ஒரு சஞ்சிகையில் வந்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்து, ஒரு பால்மா டின்னுக்குள் ரோச் லைட் பல்பு ஒன்றையும் வெளிச்சம் பட்டால் குணம் மாறும் சின்ன உறுப்பு ஒன்றையும் எதிரெதிரே பூட்டி இக்னேசியஸ் தாமே ஒன்று செய்தார். சத்தம் கூடினால் பல்பு எரியும், எரிந்தால் சத்தம் அமுங்கும். பேஸுக்கு அது பரவாயில்லை. நரம்பை இழுக்கும் முதல் தட்டை விட்டுவிட்டு அதன் வாலைப் பிடித்தது, அதுதான் பேஸுக்கு அழகு. பேஸ் முழுவதையும் டின்னை வைத்தே எடுத்து முடித்தார். குரலுக்கு அது சரிவரவில்லை. பல்பு பிந்தி எரிந்ததால் ஒவ்வொரு அடியின் முதலெழுத்தும் பாய்ந்தது. பிந்தி அணைந்ததால் அடிக்கு அடி இரைச்சல் வீங்கி வந்தது. ஒரு ஞாயிறு அதோடு வீணாய்ப் போனது.

கடைசியில் ஆதம்பாவாவின் பழைய இரும்புக் கடையில்தான் இந்தச் சாம்பல் பெட்டி கிடைத்தது. உடைத்த கப்பலொன்றின் சாமானோடு வந்ததாம். ஆதம்பாவா அதன்மேல் பிளேன்ரீக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நானா, இது வேலை செய்யுமா?"

"கரண்ட் குடுத்தா முள்ளு ஆடுது தம்பி. வேறென்ன வேணும்?"

"இது என்ன சாமான் எண்டாவது தெரியுமா உங்களுக்கு?"

"பாட்டை அமுக்குறதோ, பனியனை அமுக்குறதோ, எனக்கென்ன தெரியும்? எனக்கு எல்லாம் இரும்பு. கொண்டாங்க, நிறுத்துத் தாறன்."

நிறுத்தே கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துப் பார்த்தபோது இக்னேசியஸுக்குச் சின்னப் பிள்ளையின் சந்தோசம். எவ்வளவு விரைவில் பிடிப்பது என்பதற்கு ஒரு குமிழ், எவ்வளவு மெல்ல விடுவது என்பதற்கு ஒரு குமிழ். இரண்டும் வேலை செய்தன. பிடிக்கும் இடம் தெரியாமல் பிடித்தது, விடும் இடம் தெரியாமல் விட்டது. குரலுக்கு வேறென்ன வேண்டும்!

அலுமாரி அந்த வீட்டோடு வந்தது. ஒல்லாந்தர் காலத்துச் சாமான், இரண்டு ஆள் நிற்கலாம். காகமும் காற்றும் சைக்கிளும் மைக்கில் ஏறாமலிருக்க அதற்குள்தான் மாகிரட் இருந்து பாடினாள். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் வெளியே கொழுக்கி போட வேண்டும். உள்ளே இருப்பவள் பேசினால் அதுவும் ரேப்பில் ஏறிவிடும் என்பதால், வலை பின்னும் தங்கூசி நூலை அவளுடைய மணிக்கட்டில் கட்டிச் சாவித் துவாரத்தால் வெளியே எடுத்து மேசைவரை விட்டிருந்தார். ஒரு தரம் இழுத்தால் 'நான் ஆயத்தம்'. இரண்டு தரம் என்றால் 'திறவுங்கோ'. பகலில்தான் எடுக்க முடியும். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் கரண்ட் குறைந்து ரேப் இழுபடும். அதிலும் துறைமுகம் ஓய்கிற ஞாயிறு மட்டும்தான். அன்றையதோடு மிச்சம் இரண்டு ஞாயிறு.

முகம் கழுவிவிட்டு வந்த மாகிரட் அன்று நாலு தரம் பாடினாள். நாலும் ஒரே மாதிரித்தான் வந்தன. சாம்பல் பெட்டி நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் போட்டுக் கேட்டபோது அவளுடைய குரல் எங்கோ தள்ளி நின்றது. யாரோ அவளுக்குப் பக்கத்தில் நின்று அவளைவிட உரத்துச் சத்தமிட, பெட்டி இரண்டு பேரையும் சேர்த்து அமுக்கிய மாதிரி. அந்த மற்றச் சத்தம் மட்டும் ரேப்பில் இல்லை.

கதவைத் திறந்தபோது மாகிரட்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வியர்வை நாடியிலிருந்து சொட்டியது. தொண்டையில் சுற்றியிருந்த துணியைத் தளர்த்திக்கொண்டு, மூச்சு வாங்க, முக்காலியிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். "நான் பாடேக்கை நீங்களும் கூடப் பாடாதேங்கோ. எனக்குத் தடக்குது."

அவர் பாடவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை.

"சரி" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க, வேலையால் வந்து, விளக்கு வைப்பதற்கு முன் கிடைத்த அரை மணித்தியாலத்தில் அவர் பெட்டியோடு மாரடித்தார். மைக்கைக் குசினிக்குக் கொண்டுபோனார். சோறு கொதித்தது, பூனை கத்தியது. முள் சாய வேண்டியதற்குச் சாய்ந்தது, நிற்க வேண்டியதற்கு நின்றது. அலுமாரிக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். முள் அசையவில்லை. கதவைச் சாத்திக் கொழுக்கி போட்டார். ஒரு நிமிடம் போனது. சாய்ந்தது.

ஆழத்தில் ஓடுகிற கப்பல் எந்திரமாயிருக்கும், காதுக்குக் கேட்காத சத்தமாயிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அப்படியும் சத்தங்கள் உண்டு. ஆனால் பேஸ் வாசிக்கிறவனின் பெருவிரல் சும்மா இராதே! அது தன்பாட்டில் மேசையில் தாளம் போட்டது. எட்டு எண்ணும்வரை முள் சாய்ந்து நின்றது. நாலு எண்ணும்வரை எழும்பி நின்றது. எட்டு சாய்வு, நாலு எழும்பல். எட்டு, நாலு. பாட்டு அடி எட்டு. இடையில் மூச்செடுக்க விடுகிற இடைவெளி நாலு. எழுதினவருக்குத் தெரியாதா? காதுக்கு எட்டாமல், வெறும் அலுமாரிக்குள் இருந்து, ஏதோ ஒன்று அவருடைய பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை முள் முழுவதுமாகச் சாய்ந்தது. அவர் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றுகொண்டார்.

மாகிரட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அதற்குள் போகமாட்டாள். போகாவிட்டால் ரேப்பில் ஒன்றும் இராது. செவ்வாய்க்கிழமை டொக்டர் கத்தியை எடுத்தால் எல்லாம் முடிந்தது. வெட்கக்கேடான எண்ணம்தான். அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் நித்திரை இல்லாத மனுசன், ஒரே ஒரு காரியத்தை முடித்துவிட்டுப் படுத்துவிட வேண்டும் என்று நினைக்கிற மனுசன் வேறு எதை நினைப்பான்?

கடைசி ஞாயிறு வந்தது. பூசை முடிந்து வந்து, கொத்தமல்லித் தண்ணீர் குடித்து, மாகிரட் தொண்டைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏலாட்டி விடும்" என்றார் இக்னேசியஸ். வாய்தான் சொன்னது.

"ஏலும். இண்டைக்கு முடிச்சுப்போடுவம். உங்களைப் பார்க்க எனக்குப் பாவமாக் கிடக்கு." முக்காலியில் ஏறி இருந்து மணிக்கட்டை நீட்டினாள். அவர் நூலைக் கட்டினார். "நான் ரெண்டு தரம் இழுத்தால் உடனை திறவுங்கோ, என்ன? போனமுறை சுணங்கிப்போனியள்."

"ஓம், ஓம்."

கதவைச் சாத்தினார். கொழுக்கியைப் போட்டார். வந்து மேசையடியில் இருந்து ஹெட்போனை மாட்டி, ரேப்பைச் சுழலவிட்டார். நூல் ஒரு தரம் இழுபட்டது.

முன்பே எடுத்து வைத்த பேஸ் தொடங்கியது. குரல் வந்தது.

இக்னேசியஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடைவில்லை, இளைப்பில்லை, ஒரு சொல் குத்தவில்லை, ஒரு சொல் காற்றாய்ப் போகவில்லை. கட்டி வருவதற்கு முன்னிருந்த குரல். அதற்கும் முன்னால், மேடையில் அவருக்கு இடப்பக்கம் நின்று, மஞ்சள் சேலையின் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பாடியவளின் குரல். காதுக்குள் வந்து, கழுத்தால் இறங்கி, இத்தனை மாத அலுப்பையும் நெஞ்சிலிருந்து வழித்தெடுத்து வெளியே போட்ட குரல். கடவுளே, பெட்டி வேலை செய்கிறது என்று நினைத்தார். நல்ல சாமான். இரும்பு விலைக்கு வாங்கின நல்ல சாமான்.

முதலடி முடிந்தது. இடைவெளி. அமுக்க ஒன்றும் இல்லாததால் பெட்டி கையைத் தளர்த்தியது. அடியில் கிடந்த மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. இரைச்சல். கம்பளியின் உரசல். டொக், டொக் என்று ஏதோ.

மைக் தண்டாயிருக்கும்.

இரண்டாமடி. மூன்றாமடி. இடைவெளியில் மறுபடி டொக், டொக். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு முனகல். குரல் தொடங்கியதும் முள் சாய்ந்து அதைக் கீழே அமுக்கிவிட்டது. மாகிரட் பாடிக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் முனகுவது யார்?

மெல்ல விடுகிற குமிழை அவர் விரைவுப் பக்கம் திருப்பினார். பெட்டி சட்டென்று கைவிட்டால் இடைவெளியில் கிடக்கிறது இன்னும் தெளிவாக எழும்பும். விரலில் வியர்வை வழுக்கியது.

நாலாமடி முடிந்தது.

"...ருங்கோ."

ஐந்தாமடி. எட்டு எண்ணிக்கை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடைவெளி.

"இஞ்சேருங்கோ. கதவைத் திறவுங்கோ."

மாகிரட்டின் குரல். உடைந்த குரல். கட்டியுள்ள குரல். அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள் என்பது அந்த உடைவிலேயே தெரிந்தது. ஆனால் கடுகளவாய், அடியிலிருந்து வந்தது. அதன்மேல் அந்த மற்றக் குரல் ஆறாமடியைத் தொடங்கியது. முள் சாய்ந்தது. மாகிரட் போய்விட்டாள்.

நூல்? நூலைப் பார்த்தார். அது இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. இரண்டு தரம் இல்லை. ஒரு தரம். விட்டு ஒரு தரம். விட்டு ஒரு தரம். பேஸோடு சேர்ந்து, தாளம் பிசகாமல். ஆயத்தம். ஆயத்தம். ஆயத்தம்.

எழும்ப வேண்டும். அவர் எழும்பவில்லை.

பயம்தான். ஆனால் பயம் மட்டுமில்லை. இன்னும் ஓரடி இருந்தது. ஒரே ஓரடி. இப்படி ஒரு குரல் இனி வராது. ரேப் சுழன்றுகொண்டிருந்தது. கடைசியடி மட்டும் ஏறிவிட்டால் பாட்டு முழுசு. எட்டு எண்ணிக்கை. எட்டு எண்ணுவதற்குள் என்ன நடந்துவிடும்?

"இஞ்சேருங்கோ, இஞ்சை என்னோடை வேறை..."

இந்த முறை இடைவெளி நாலு இல்லை. இரண்டு. குரல் முந்தி வந்து அவளுடைய சொல்லின் மேல் ஏறி மிதித்தது.

இக்னேசியஸ் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. அவர் எண்ணினார் என்பதுதான் உண்மை. ஏழு. எட்டு.

பாட்டு முடிந்தது. பேஸ் ஓய்ந்தது. குரல் ஓயவில்லை. கடைசி எழுத்தைப் பிடித்தபடி நின்றது. ஒரு நிமிடம். அதற்கு மேலும். மூச்செடுக்கவில்லை. எந்த மனுசிக்கும் அவ்வளவு மூச்சு இல்லை. இடைவெளி விடவில்லை. விட்டால் அடியில் கிடக்கிறவள் எழும்பிவிடுவாள்.

கதிரை சாய்ந்து விழுந்தது. அவர் ஓடினார். கொழுக்கி வழுக்கியது. மறுபடி. மறுபடி. திறந்தது.

மாகிரட் முக்காலியில் இருந்தாள்.

கையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாய் இருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். கதவு திறந்த வேகத்தில் உள்ளிருந்த வெக்கை அவருடைய முகத்தில் அடித்தது. சோற்றுப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஒரு வெக்கை. அவளுடைய முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. தொண்டைத் துணி நிலத்தில் கிடந்தது. தொண்டை கட்டியின் சுவடே இல்லாமல் வழுவழுப்பாய் இருந்தது.

"எப்பிடி வந்தது, இக்னேசியஸ்?" என்றாள்.

இருபத்திரண்டு வருசத்தில் மாகிரட் அவரை 'இஞ்சேருங்கோ' என்பாளே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு தரமும் இல்லை. கோபத்தில் இல்லை, காய்ச்சலில் இல்லை, தனியே இருந்த வேளையில்கூட இல்லை.

"மாகிரட்" என்றார்.

அவள் இறங்கி வந்தாள். அவரைத் தாண்டிப் போய், விழுந்த கதிரையை நிமிர்த்தி, அதில் இருந்தாள். பாட்டை மெல்ல முனகத் தொடங்கினாள். வாய் திறக்காமல், மூக்கால். அழகாய்த்தான் இருந்தது. அவர் அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மெத்தைகளை இழுத்து வெளியே எறிந்தார். கம்பளிகளைப் பிடுங்கினார். பின்பலகையை இரண்டு கையாலும் அடித்தார். பலகை. சுவர். வேறொன்றும் இல்லை. மைக் மட்டும் தண்டில் நின்றது.

மைக்.

மேசைக்கு ஓடிவந்து ஹெட்போனை எடுத்துக் காதில் அழுத்தினார். கதிரையில் இருந்தவள் முனகிக்கொண்டே இருந்தாள். முள் அதற்கு ஏற்பச் சாய்ந்து கிடந்தது. எட்டு எண்ணி முடித்தாள். நிறுத்தினாள். முள் எழும்பியது. ஹெட்போனுக்குள் அந்த உடைந்த குரல் வந்தது.

"இருட்டாக் கிடக்குது. நான் இஞ்சைதான் நிக்கிறன். எங்கையும் போயிடாதேங்கோ."

"மாகிரட்! நான் நிக்கிறன்! இஞ்சைதான் நிக்கிறன்!"

அவர் கத்திய கத்தலிலேயே முள் விழுந்தது. அவருடைய சத்தமே அவளை அமுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். மூச்சை அடக்கினார். கேட்க வேண்டும். வீடு அசையாமல் இருந்தால் கேட்கும்.

கதிரையில் இருந்தவள் அடுத்த அடியைத் தொடங்கினாள்.

"வாயை மூடு" என்றார் முணுமுணுப்பாய். மாகிரட்டிடம் அவர் ஒருமையில் பேசியதே இல்லை. "கும்பிட்டுக் கேக்கிறன். கொஞ்சம் வாயை மூடு. நான் அவளைக் கேக்கவேணும்."

அவள் அன்போடு தலையாட்டினாள். முனகலை நிறுத்தவில்லை.

அவர் கையை நீட்டி அவளுடைய வாயையும் மூக்கையும் பொத்தினார். தோல் குளிர்ந்திருந்தது. முனகல் அவருடைய உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. மணிக்கட்டுக்கு ஏறியது. எலும்புக்குள் ஏறியது. அவர் அழுத்திப் பிடித்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கையில் ஒரு துளி மூச்சுக் காற்றும் படவில்லை. கையைத் தாண்டி அந்தப் பாட்டு, கொஞ்சமும் குறையாமல், அடிக்கும் அடிக்கும் இடையில் இடம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

கண்ணால் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முள் இடப்பக்கத்து ஓரத்தோடு ஒட்டிக் கிடந்தது. எழும்பவில்லை.